குளித்த பிறகு தேத்தண்ணி

மலையைக் காட்டிப் பிழைக்கிற தொழிலில் மலையால் ஒரு தொந்தரவும் இல்லை, பார்க்க வருகிறவர்களால்தான் எல்லாம்.

வேன் ஓட்டுகிறவர்கள், விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவர்கள், களப்பில் படகு தள்ளுகிறவர்கள் என்று இதைப் படிக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தவர்கள்தான். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்குச் சில நாட்களில் கடல் அலுத்துவிடும். களப்பில் முதலை, காட்டில் யானை, மணலில் யோகா எல்லாம் முடிந்தபின் மிச்சமிருப்பது மலை. அதற்காக எங்கள் முதலாளி 'மலை நாள்' என்று ஒன்றை வைத்திருக்கிறார். அவருக்குக் கடற்கரையில் விடுதி இருக்கிறது. பூர்வீகம் பதுளைக் கடைவீதி, அப்பா காலத்தில் துணிக்கடை. தோட்டத்து மக்களை அவர் அறிந்ததெல்லாம் கல்லாவுக்கு அந்தப் பக்கமிருந்துதான். வேன் விடியுமுன் கடற்கரையிலிருந்து புறப்பட்டுப் பசறைக்கு வரும். பஸ் நிலையத்துக்கு எதிரில் நான் ஏறிக்கொள்வேன். அங்கிருந்து எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என் அக்கா சரோஜாவின் வீட்டில் தேத்தண்ணியும் தேங்காய் ரொட்டியும். பிறகு தேயிலைக்குள் ஏற்றம், மேலே காடு, காட்டுக்குள் ஓர் அருவி, அருவியின் காலடியில் குளம் போல ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளத்திலிருந்துதான் எங்கள் லயங்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் இறங்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊவா மலைப் பக்கம் மழை கிடையாது. மற்ற ஓடைகள் வெறும் கல்லாகிவிடும், ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிகள் வற்றிவிடும். அந்தப் பள்ளம் ஒன்றுதான் மிச்சம். கடற்கரையில் சீசன் களைகட்டுவதும் சரியாக அதே மாதங்களில்தான். ஆகவே எங்களிடம் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும்போது, அதில் குளிக்க ஆட்கள் மிக அதிகமாக வருவார்கள்.

கீழே வருகிற பேச்சுகளில் பாதி ஆங்கிலத்தில் சொல்லப்பட்டவை. தமிழாக்கியது நான். கூட்டியது ஒன்றும் இல்லை.

செருப்பு

கடலிலிருந்து வருகிறவர்கள் கடலைக் காலில் போட்டுக்கொண்டே வருவார்கள். ரப்பர் செருப்பு, அரைக்கால் சட்டை, காதுக்குள் மணல். மலைக்குச் சப்பாத்து வேண்டும் என்று விடுதியில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அது தங்களைத் தவிர மற்றவர்களுக்குச் சொன்னது என்று ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒருவர் நல்ல உயரம், தோள் நிறைய அலைச்சறுக்கு வீரன் என்ற பெருமை. பெரிய பெரிய அலைகளில் நின்றவராம். வேனில் வரும்போதே அதைப் பற்றித்தான் பேச்சு. தேயிலைக்குள் நுழைந்து முதல் வளைவில் செருப்பு ஒரு பக்கம் போனது, அவர் மறுபக்கம் போனார். கவ்வாத்து வெட்டிய செடிகளின் குச்சிகளில் உட்கார்ந்து எழுந்தார். எங்கே குத்தியது என்று சொல்ல வேண்டாம். அந்த வழியாகத் தலையில் விறகுக்கட்டுடன் இறங்கிய ஒரு பெண் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். அவள் காலில் ஒன்றுமே இல்லை. அதை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் படம் எடுத்திருப்பார்.

நான் கை கொடுத்துத் தூக்கினேன். அவர் நன்றி சொல்லவில்லை. மலையை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடுமையாகச் சொன்னார்:

"மலை இவ்வளவு சரிவாக இருக்கும் என்பதை நீங்கள் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும்."

மெதுவாக ஆயுங்கோ

கனடாவிலிருந்து ஒரு குடும்பம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்ன வயதிலேயே போனவர்கள். தமிழ் பேசுகிறவர்கள் வருகிறார்கள் என்றதும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பத்தாவது தேயிலைச் செடிவரை தாங்கியது.

அந்தக் குடும்பத்து அம்மாவுக்கு வீடியோ எடுக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். காலைக் கொழுந்து நிறுவை நெருங்கும் நேரம். அந்த நேரத்தில் அவர்கள் கை எப்படிப் போகும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடையில் எடை விழாவிட்டால் பாதிப் பெயர்தான் போடுவார்கள், அரை நாள் சம்பளம், நாள் வீண். அம்மா செடிகளுக்கு நடுவில் புகுந்து வரிசையின் குறுக்கே நின்றார். திரும்பி என்னிடம் சொன்னார்: "தம்பி, உந்தப் பிள்ளையளைக் கொஞ்சம் மெதுவா ஆயச் சொல்லுங்கோ. வீடியோவிலை கை ஒண்டும் தெரியேல்லை."

வரிசையின் முதலில் நின்ற மாரியாயி காது கேட்காதவள் இல்லை. அம்மாவைச் சுற்றிக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள். அம்மா விடவில்லை. தானும் பறித்துப் பார்க்கிறேன் என்று ஒரு கைப்பிடி உருவி மாரியாயியின் கூடையில் போட்டார். முற்றின இலை, குச்சி, ஒரு சிலந்தி. மாரியாயி அதை வெளியே எடுத்து, மரியாதையாக அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்:

"இத வச்சுக்கங்கம்மா. கீழ லயத்துல ஆடு இருக்கு, போற வழியில குடுத்துட்டுப் போங்க."

துவாய் போட ஒரு பலகை

முன்பெல்லாம் பள்ளத்தை மேலிருந்து காட்டிவிட்டு, வேறு வழியாக இறக்கிக்கொண்டு போய்விடுவேன். யாரோ ஒருவர் தூரத்திலிருந்து எடுத்த படத்தை இணையத்தில் போட்டார். படத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது. நேரில் அது பாசி நிறம். ஆனாலும் அடுத்த வாரமே மலை நாளில் 'இயற்கைக் குளத்தில் நீராடல்' சேர்ந்துவிட்டது.

முதலாளியிடம் சொன்னேன். அது தோட்டத்து விஷயம் என்றார். தோட்டத்து ஆபீசில் சொன்னோம். பள்ளம் காட்டுக்குள் இருக்கிறது, காடு தோட்டத்து எல்லைக்கு வெளியே என்றார்கள். எல்லைக்கு வெளியே யார் என்று கேட்டோம். அது அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் எங்கள் தலைவர் – தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், எங்கள் லயத்துக்காரர்தான் – தகரம் வெட்டிக் கம்பில் அடித்து மூன்று மொழியிலும் எழுதி நட்டார்: குடிதண்ணீர், குளிக்க வேண்டாம். சிங்களத்தில் தப்பில்லாமல் இருக்க வேண்டும் என்று பாடசாலை மாஸ்டரிடம் காட்டித் திருத்தியும் வாங்கினார்.

மறுநாள் கொழும்பிலிருந்து நான்கு இளைஞர்கள். நல்ல படிப்பு, நல்ல வேலை, மூன்று மொழியும் வரும். அதில் ஒருவன் தகரத்தின் முன்னால் நின்று மூன்றையும் வாய்விட்டு வாசித்தான். நான் நம்பிக்கையோடு காத்திருந்தேன். அவன் சட்டையைக் கழற்றித் தகரத்தில் போட்டான், மேலே துவாயையும் போட்டான், திரும்பி என் தோளில் தட்டினான்:

"நல்ல உயரமாப் பாத்து நட்டிருக்கீங்க அண்ணே, துணி மண்ணுல படாது."

தனிமை

குழாயில் தண்ணீர் நூலாக வரும் நாட்களில் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கே ஏறிவிடுவார்கள். அப்படி ஒருநாள் ஏறியவர்களில் அக்காவும் இருந்தாள். கடைசிக் குழந்தை செல்விக்குப் பிறகு அக்கா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதில்லை. வேன்காரர்களுக்குக் கொடுக்கிற தேத்தண்ணியும் ரொட்டியும்தான் அவளுக்கு வருமானம். மச்சான் கொழும்பில் ஒரு கட்டட வேலையில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவதாக ஏற்பாடு. ஏற்பாடு மட்டும்.

அன்று நான் கூட்டிப்போனவர் ஒரே ஒருவர். வெளிநாட்டுக்காரர், ஏதோ பெரிய கம்பெனியில் மேலாளராம். பேச்சில்லாத நடைக்கு வந்தவர். அப்படியும் ஒரு வகை இருக்கிறது, அதற்குக் கட்டணம் கூட. வழிநெடுக நானும் வாயைத் திறக்கக் கூடாது. அட்டை கடித்தால் கைகாட்ட வேண்டும். பள்ளத்தில் இறங்கிக் கழுத்துவரை அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கரையில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர் எழுந்தால் கலங்கல் தெளியும், தெளிந்தால் அள்ளலாம், அள்ளினால் போய்ச் சோறு ஆக்கலாம். அவர் எழவில்லை. பெண்கள் முதலில் மெதுவாகப் பேசினார்கள், பிறகு சாதாரணமாக. "தூங்கிட்டாரா?" "ஊறப் போட்டிருக்காய்ங்க, விடு." "இந்தா சந்திரா, அவர எழுப்பேன்டா, உலை வைக்கணும்" என்று அக்கா கூப்பிட்டாள். நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அது என் தொழில். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். அத்தனை நேரத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம்:

"நான் தனிமைக்காகத்தான் வந்தேன், இவர்கள் எப்போது கிளம்புவார்கள்?"

சாமி

தகரம் தோற்ற பிறகு தலைவருக்கு ஒரு யோசனை. மனிதன் எழுதினால் மதிக்க மாட்டார்கள், சாமி என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். மலை உச்சியில் ஒரு கல்லை நிறுத்தி முனியாண்டி என்று கும்பிடுவது எங்களுக்குப் புதிது இல்லை. பள்ளத்தின் வாய்க்கருகில் ஒரு நெட்டுக்கல்லை நிறுத்தினோம். மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி, ஒரு சூலம். ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்துக் கற்பூரமும் காட்டியாகிவிட்டது. இனி யார் காலை வைப்பார்கள் பார்ப்போம் என்றார் தலைவர்.

எல்லோரும் வைத்தார்கள். முன்பு குளித்துவிட்டுப் போனவர்கள் இப்போது கும்பிட்டுவிட்டுக் குளித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் குங்குமத்தை எடுத்து நெற்றியில் பூசி, முகத்தைப் பள்ளத்திலேயே கழுவினார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் நேர்த்தியே வைக்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டு விசா கிடைத்தால் மறுபடி வருகிறேன் என்று ஒருவர் வேண்டிக்கொண்டார். கிடைத்துவிட்டதாம், வந்தார், தேங்காய் தண்ணீருக்குள்ளேயே உடைந்தது.

கல்லை எடுத்துவிடலாமா என்று தலைவரிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. கற்பூரம் காட்டிய கல்லை யார் பிடுங்குவது? சும்மா ஒரு பயமுறுத்தலுக்கு வைத்தது என்று நமக்குத் தெரியும், சாமிக்குத் தெரியுமா? வெள்ளிதோறும் விளக்கு வைக்க லயத்தில் முறை வேறு போட்டாகிவிட்டது. ஊரை ஏமாற்ற வைத்த சாமியிடம் முதலில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள்தான்.

முதலாளி படங்களைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரே நேரில் ஒருமுறைகூட ஏறிப் பார்த்தவர் இல்லை. குரலில் உண்மையான மகிழ்ச்சி:

"சாமி ஐடியா பிரமாதம் சந்திரன், ஒரு மணியும் கட்டி விட்டீங்கன்னா இன்னும் எடுப்பா இருக்கும்!"

மீனுக்கு நல்லது

ஒரு தம்பதி. இயற்கைப் பிரியர்கள். பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், மூங்கில் பல் தூரிகை, துணிப்பை. வழியில் ஒரு பிஸ்கட் தாள் கிடந்ததற்கு எனக்கு நீண்ட உபதேசம். அந்தத் தாள் அவர்களுக்கு முந்தைய வேனிலிருந்து விழுந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது, பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பள்ளத்தில் இறங்கியதும் அந்த அம்மாள் துணிப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். சாம்பூ. நான் ஓடினேன். குழாயைக் காட்டினேன், கீழே லயத்தின் தகரக் கூரையைக் காட்டினேன், குடிக்கிற மாதிரி சைகையும் செய்து காட்டினேன். எனக்கு ஆங்கிலம் தெரியும், ஆனாலும் சைகை வந்துவிட்டது. அவர் என்னைச் சமாதானப்படுத்தும் விதமாகக் குப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, அதில் இருந்த பச்சை இலைப் படத்தைத் தொட்டுக் காட்டினார். தலை முழுவதும் நுரை. நுரை மிதந்து போய்க் குழாய் வாயில் சுற்றியது.

"பயப்படாதீர்கள், இது முழுக்க மூலிகை, மீன்களுக்குக்கூட நல்லது."

வயிறு

அடுத்த சில நாட்களில் லயத்தில் பிள்ளைகளுக்கு வயிறு போகத் தொடங்கியது. பெரியவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். அக்காவின் செல்விக்கு மூன்று வயது. அக்கா வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுப்பாள். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை விளையாடுகிற இடத்தில் குழாய் இருந்தால் வாயை வைக்கத்தான் செய்யும். கண் உள்ளே போய், தூக்கினால் கழுத்து நிற்காமல் தொங்கியது. முச்சக்கர வண்டி பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றினார்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா சொன்னாள். அதில் யாராவது இறங்குகிறார்களா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே முதலாளியைக் கூப்பிட்டேன். மழையில்லாத இந்தக் காய்ச்சல் காலம் முடியும்வரையாவது குளத்தை நிறுத்தலாம் என்றேன். பிள்ளை எப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை விசாரித்தார். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஹோர்லிக்ஸ் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். பிறகு சொன்னார்:

"வருஷாவருஷம் கச்சான்ல தோட்டத்துப் புள்ளைகளுக்கு வயிறு போறதுதானே சந்திரன், கஸ்டமர் என்ன பண்ணுவாங்க பாவம்."

முறை மாற்றம்

அதுவரை ஏறுமுன் தேத்தண்ணி, இறங்குமுன் குளியல். நனைந்த உடம்போடு வேனில் ஏறிக் கடற்கரை வரை நடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று புகார் வந்தது. மலைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்பதும் நாங்கள் அறிவித்திருக்க வேண்டிய விஷயம்தான். முதலாளி ஒரே நாளில் தீர்வு கண்டார். முதலில் ஏற்றம், குளியல், இறங்கி வந்து லயத்தில் சூடாகத் தேத்தண்ணி, அப்புறம் வேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மடியில் படுத்திருந்தாள், உடம்பு பாதியாகியிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பள்ளத்துக் குழாய் வந்து விழும் தொட்டி மழைக்காலத்தில் நிரம்பி நிற்கும், வண்டல் அடியில் தங்கும். காய்ச்சலில் தொட்டி வெறும் தொட்டி. மேலே குழாயில் புகுவது அப்படியே கீழே கொட்டும். இது லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மொதல்ல குளியல், அப்புறம் தேத்தண்ணியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

"ஒங்க மொதலாளியையும் ஒருநா வரச் சொல்லு, எங் கையால ஒரு கோப்ப குடிக்கட்டும்."

ருசி

வந்தார். கொழும்பிலிருந்து ஆள் அனுப்புகிற பயண முகவர்களில் பெரிய மனிதர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த சீசன் முழுவதும் வேன் வேனாக அனுப்புவார்கள். எனக்கும் அன்றைக்குப் புதுச் சட்டை கொடுத்திருந்தார், நெஞ்சில் அருவிப் படம். வழியெல்லாம் மலையைப் பற்றி அவரே பேசினார். தேயிலைப் பூவை மல்லிகை என்று காட்டினார். நான் திருத்தவில்லை.

பள்ளத்தில் எல்லோரும் இறங்கினார்கள். முதலாளியும் இறங்கினார். வழுக்கைத் தலையில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டார். முதுகைப் பாறையில் தேய்த்தார். மூக்கைச் சிந்தினார். ஒருவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். ஒரு தடித்த மனிதர் குழாய் வாயருகில் வசதியாக உட்கார்ந்துகொண்டு நீண்ட நேரம் அசையாமல் இருந்தார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். புறப்படும்போது சாமிக்கு மணி அடித்தார்கள்.

லயத்தில் அக்கா பாயை விரித்து வைத்திருந்தாள். தலை துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். ரொட்டி, சம்பல், பால் போட்ட தேத்தண்ணி. குளிருக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினார்கள். செல்வி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தடித்த மனிதர் கோப்பையைத் தூக்கி, இத்தனை நாள் நட்சத்திர ஹோட்டல்களில் குடித்தும் இந்த ருசி வரவில்லையே, இதில் என்ன சேர்க்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதலாளி பெருமையோடு அதைத் தமிழில் கேட்டார்: "ஐயா கேக்கிறாரு சரோஜா, ஒன் தேத்தண்ணில என்னா ரகசியம்?"

அக்கா கேத்தலைக் கீழே வைத்தாள். பாயில் உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இதைச் சொன்னால் நாளையிலிருந்து இந்தக் கேத்தலுக்கு வேலை இருக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செல்வியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ரகசியம் ஒன்னும் இல்லைங்க. தூளு ஸ்டோர்ல குடுக்கிற தூளு. பாலு பெட்டிப் பாலு. தண்ணி மட்டும் நீங்க இப்ப குளிச்சிட்டு வந்தீங்கல்ல, அந்தத் தண்ணி. வேற தண்ணி எங்களுக்கு இல்லைங்களே. நல்லாக் கொதிக்க வச்சுத்தான் போட்டேன், பயப்படாமக் குடிங்க."

முதலாளி மொழிபெயர்க்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்தபடி கூரையைப் பார்த்தார். தடித்த மனிதர் சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விருந்தினர்களுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. அதற்குத்தான் சம்பளம். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பெட்டிப் பால் உட்பட.

பள்ளத்தில் வாய் கொப்பளித்தவர் முதலில் எழுந்து வெளியே போனார். அவர் ஓங்கரித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தடித்த மனிதர் கோப்பையைப் பாயில் வைக்காமல், தரையில் வைக்காமல், கடைசிவரை பிடித்துக்கொண்டே வேன் வரை நடந்துவந்து, அங்கே சாரதியிடம் கொடுத்தார். பசறை வரை யாரும் பேசவில்லை. பேச்சில்லாத நடைக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகிறோம், இது இலவசம். நான் இறங்கும்போது முதலாளி கண்ணாடியைப் பாதி இறக்கினார்:

"சந்திரன், மொழிபெயர்ப்புன்னா எல்லாத்தையும் மொழிபெயர்க்கணும்னு இல்ல."

மிச்சம்

அந்த வாரத்திலேயே குளியலை எடுத்துவிட்டார்கள். காரணம் என்னவென்று விடுதியில் கேட்டால், சுகாதாரம் என்கிறார்கள். யாருடைய சுகாதாரம் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளத்தை மறுபடியும் மேலிருந்து காட்டிவிட்டு இறக்கிக் கூட்டிப்போகிறேன். தகரப் பலகை சாய்ந்துவிட்டது, நிமிர்த்தவில்லை, தேவைப்படவும் இல்லை. சாமி அப்படியே இருக்கிறார், மணியோடு.

தேத்தண்ணி இப்போது பசறையில் ஒரு கடையில், போத்தல் தண்ணீரில். அக்கா மறுபடி பெயர் பதிந்து மலைக்குப் போகிறாள். இத்தனை நாள் பழக்கம் விட்டுப்போன கை, கொழுந்து எடை இன்னும் சரியாக விழுவதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவளை நான் வேனிலிருந்து பார்ப்பதுண்டு. ஒருநாள் வேனை நிறுத்தி, ஏன்தான் அன்றைக்கு அதைச் சொன்னாயோ என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள்:

"அவருதானடா கேட்டாரு."

இந்தத் தொழிலில் இத்தனை நாளில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: லயம் முழுவதும் குடித்தபோது அது இயற்கைக் குளமாக இருந்தது, அவர்கள் ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்த பிறகுதான் அது குடிதண்ணீர் ஆனது.